விரித்தலும் மடித்தலும் – இல்ல அழகில் பாயும் துணியும்

முன்னுரை

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றையும் மனித வாழ்வின் இன்றியமையாத் தேவைகளாக எண்ணுவது நம் வழக்கு. இவற்றுள் உடையும் உறையுளும் ஒன்றோடொன்று கலக்கும் இடம் ஒன்று உண்டு. வாயிலில் தொங்கும் திரை, கூடத்தில் விரிக்கும் பாய், கட்டிலின் மேலிடும் விரிப்பு, விருந்தினர் அமர இடும் சமுக்காளம் ஆகியவற்றை வீட்டுக்கு நாம் உடுத்தும் உடைகள் எனலாம். அவ்வுடைகளைப் பற்றியும், அவற்றை நெய்து தரும் கைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் சிறிது ஆராய முற்படுகிறோம்.

சென்னையின் மேற்குப் புறநகர்களாகிய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழ்வோர்க்கு இப்பொருள் புதியதன்று. 1961ஆம் ஆண்டு ஆவடியில் படைத்துறை உடைத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 2021 அக்டோபர் முதல் நடுவண் அரசின் தனி நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்கி வரும் அத்தொழிற்சாலை, நாட்டின் படைவீரர்க்குச் சீருடை தைத்துத் தருகின்றது. 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆயத்த ஆடை ஆலைகள் பல உள்ளன. அவற்றில் வேலை பார்க்கும் மகளிர் பலர் நம் தெருக்களில் வாழ்வோரே. வெட்டும் துணியின் தரத்தையும், தைக்கும் தையலின் நேர்மையையும் நாள்தோறும் கண்ணால் அளப்பவர்கள் நம் பகுதி மக்கள். ஆயினும், தம் வீட்டுத் தரையில் எதை விரிக்கிறோம், அதை யார் நெய்தார் என்று எண்ணிப் பார்ப்போர் நம்முள் சிலரே.

இலக்கியம் காட்டும் இல்ல அணி

வீட்டை அழகு செய்தல் நமக்கு மேலைநாட்டார் கற்றுத் தந்த கலை என்று கருதுவோர் உளர். தமிழ்ச் சொற்களே அக்கருத்தை மறுக்கும். திரைச்சீலைக்கு எழினி என்றும், மேற்கட்டுத் துணிக்கு விதானம் என்றும், இருக்கைக்குத் தவிசு என்றும், படுக்கைக்குச் சேக்கை, அமளி, அணை என்றும் நம் முன்னோர் வேறு வேறு பெயர் வழங்கினர். பயன்பாடு நுட்பமாக இருந்தாலன்றிப் பெயர்கள் இத்துணை நுட்பமாகப் பிரியா.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அமைப்பை விரித்துரைக்கும்போது மூவகை எழினிகளைக் குறிக்கின்றது. ஒரு பக்கமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழிறங்கி வருவது கரந்துவரல் எழினி. இன்று நம் வீட்டுச் சன்னல்களுக்கு ஒற்றைத் திரை, இரட்டைத் திரை, சுருட்டித் தூக்கும் திரை என மூன்று வகை பேசுகிறோமே, அம்மூன்றும் அடிப்படையில் இவையே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையோ, யானைக் கோட்டினால் அமைந்த வட்டக் கட்டிலையும் அதன்மேல் இட்ட மெத்தென்ற சேக்கையையும் வரிசைப்படுத்திக் காட்டுகின்றது.

அரண்மனைக்கு நிலையான கட்டில் அமைந்தது. எளிய மக்களின் இல்லத்துக்கு அமைந்தது பாய். பாயின் தனிச்சிறப்பு அது விரிந்து மடங்குவதில் உள்ளது. ஒரே கூடம் காலையில் விருந்தினர் அமரும் இடமாகவும், நண்பகலில் உணவுக் கூடமாகவும், மாலையில் பிள்ளைகள் படிக்கும் அறையாகவும், இரவில் பள்ளியறையாகவும் மாறியது. முஸ்லிம் இல்லங்களிலும் இம்மரபு வேரூன்றி நிற்கின்றது. சுஃப்ரா விரித்துச் சகன் தட்டைச் சூழ்ந்து அமர்ந்து உண்பதும், முசல்லா விரித்துத் தொழுவதும், முடிந்தபின் அவற்றை மடித்து எடுத்து வைப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். விரிக்கும்போது ஓர் இடம் உண்டாகிறது. மடிக்கும்போது அது வேறோர் இடத்துக்கு வழி விடுகிறது.

சோழமண்டலக் கரையும் ஐரோப்பிய இல்லங்களும்

இல்ல அலங்காரத்தில் புதுமை எப்போதும் மேற்கிலிருந்தே வருவதாக நாம் நம்புகிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. சோழமண்டலக் கரையின் துணிகளை நாடியே ஐரோப்பியர் இங்கு வந்தனர். டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் செல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1639இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, வந்தவாசியிலிருந்து ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் சென்னப்பட்டினக் கரையில் இடம் பெற்றார். அந்நாயக்கரின் உடன்பிறந்தாராகிய ஐயப்ப நாயக்கர் அக்காலத்தில் நம் பூவிருந்தவல்லியில் இருந்தவர். அவ்வுடன்படிக்கைக்குத் துணை நின்றவர். இவ்விடத்தில் துணி மலிவாகவும் நல்லதாகவும் கிடைக்கும் என்பதே கம்பெனியார் சென்னையைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம். பின்னர் 1734இல் நெசவாளரையும் நூற்போரையும் குடியேற்றவே சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது. துணியை நம்பிப் பிறந்த நகரம் சென்னை எனின் அது மிகையாகாது.

இக்கரையின் வண்ணந் தீட்டிய பருத்தித் துணிகள் ஐரோப்பிய வீடுகளில் படுக்கை விரிப்பாகவும், கட்டில் திரையாகவும், சுவர்த் தொங்கலாகவும் இடம் பெற்றன. எத்தனை முறை வெளுத்தாலும் மங்காத சாயம் அவற்றின் பெருமை. படிகாரம் போன்ற பொருள்களால் நூலில் சாயத்தைப் பிடிக்கச் செய்யும் நுட்பமும், இக்கரை மணலில் விளைந்த சாயவேர் தந்த சிவப்பும் அதற்குக் காரணமாயின. இத்துணிகளின் வரவால் தம் தொழில் அழிவதாக ஐரோப்பிய நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். பிரான்சு 1686இல் இவற்றைத் தடை செய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டமும் 1721இல் மற்றொரு சட்டமும் இயற்றியது. பிந்தைய சட்டம் உடையில் மட்டுமன்றி, வீட்டு விரிப்புகளிலும் இருக்கை உறைகளிலும்கூட அச்சிட்ட, சாயமேற்றிய பருத்தித் துணியைப் பயன்படுத்தலாகாது என்றது. 1774இல்தான் அது நீக்கப்பட்டது.

ஒரு நாட்டின் நெசவாளர் வாழ்வதும் வீழ்வதும் இன்னொரு நாட்டு மக்கள் தம் படுக்கையில் எதை விரிக்கின்றனர் என்பதைப் பொறுத்து அமைந்ததை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆங்கிலேயர் தம் நெசவாளரைக் காக்கச் சட்டம் இயற்றினர். நம் நெசவாளரைக் காக்கும் சட்டங்கள் நம்மிடமும் உண்டு. ஆனால், வாங்குவோரின் அறிவு துணை நில்லாவிடில் சட்டம் மட்டும் எதையும் காத்துவிடாது. இதனைத் தெளிய, தமிழகத்துக் கைவினைகள் மூன்றனைக் காண்போம்.

பத்தமடைப் பாய்

திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள ஊர் பத்தமடை. இவ்வூர்ப் பாய்களை நெய்வோர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர். அவர்களுள்ளும் மகளிரின் உழைப்பே மிகுதி. தாமிரபரணியின் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் விளையும் கோரையே மூலப்பொருள். பச்சையாக அறுத்த கோரையை உலர்த்தி, ஓடும் நீரில் சில நாள் ஊறவிட்டு, மீண்டும் உலர்த்துவர். பின்னர்க் கத்தியால் நெடுக்கே கீறி, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி நீக்கி, நூலிழை போன்ற மெல்லிய கீற்றுகளாக்குவர். கீறும் கையின் பயிற்சியே பாயின் தரத்தைத் தீர்மானிக்கின்றது.

பாவுக்குப் பருத்தி நூலும், மிக உயர்ந்த பாய்க்குப் பட்டு நூலும் இடுவதுண்டு. தரையோடு ஒட்டிய தறியில் பாவை நீட்டிக் கட்டி, ஊசி போன்ற நீண்ட குச்சியால் கோரையை ஒவ்வோர் இழையாகக் கோத்துச் செலுத்துவர். விரைந்தோடும் நாடா இதில் இல்லை. பாவு நூலின் எண்ணிக்கை கூடக் கூடப் பாய் நுண்மையாகும். 100, 120 என எண்ணிட்டுச் சொல்லப்படும் நுண்பாய்களைக் கைக்குட்டைபோல் மடிக்கலாம். ஆதலின் அவற்றைப் பட்டுப்பாய் என்றும் அழைப்பர். அத்தகைய பாய் ஒன்று முடிய வாரக் கணக்கில் ஆகும். முற்காலத்தில் பதிமுகம் எனும் சாய மரத்தினின்று சிவப்பு எடுத்தனர். பிற்காலத்தில் வேதியல் சாயங்கள் வந்தன. மணமக்களின் பெயர்களை நெய்த திருமணப் பாய் இவ்வூருக்கே உரிய சிறப்பு. 2012-13ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது.

பவானிச் சமுக்காளம்

காவிரியும் பவானியும் கூடும் துறையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ள பவானி, சமுக்காளத்தால் பெயர் பெற்றது. தடித்த பருத்தி நூலைக் குழித்தறியில் நெய்து, அகன்ற வண்ணப் பட்டைகளோடு உருவாக்கும் விரிப்பு இது. ஊடை நூல் பாவினை முழுதும் மூடுமாறு இறுக அடிக்கப்படுவதால், உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. இரு புறமும் விரிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்து ஆலைத் துணிகளின் போட்டியால் நலிந்த நெசவாளர், ஆலைகளால் எளிதில் செய்ய இயலாத தடித்த விரிப்பின் பக்கம் திரும்பியதால் இத்தொழில் வளர்ந்தது என்பர். நலிவிலிருந்து புது வழி கண்ட கைகளின் கதை இது.

1985இல் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், குறித்த சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியனவாக ஒதுக்கியது. சமுக்காளமும் அவற்றுள் ஒன்று. 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் பவானிச் சமுக்காளம் 2005-06இல் பதிவு பெற்றது. ஆயினும், விசைத்தறியில் நெய்த விரிப்புகள் பவானியின் பெயரால் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன எனும் முறையீடு நெசவாளரிடையே நெடுநாளாக உண்டு. பெயரைக் காக்கச் சட்டம் இருந்தும், அப்பெயருக்குரிய பொருளை அடையாளம் காணும் கண் வாங்குவோரிடம் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம்.

பழவேற்காட்டு ஓலைப் பெட்டி

தெற்கேயும் மேற்கேயும் செல்லாமல் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே காணத்தக்க கைவினையும் உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் மகளிர், பனையின் குருத்தோலையைக் கீறிச் சாயமிட்டு, மூடியுள்ள பெட்டிகளும் கூடைகளும் தட்டுகளும் முடைகின்றனர். ஒரு காலத்தில் இவ்வூர்த் துணி கடல் கடந்து தென்கிழக்காசியா வரை சென்றது. இன்றும் பல இடங்களில் கட்டமிட்ட கைலிக்குப் 'பாலேக்காட்' என வழங்கும் பெயர், இவ்வூர்ப் பெயரினின்று வந்ததே. துணி வாணிகம் மறைந்த ஊரில் ஓலைக் கைவினை நின்று நிலைத்தது. மடித்த துணிகளை வைக்கவும், ஊசி நூல் வைக்கவும், விருந்தின்போது பழம் வைக்கவும் இப்பெட்டிகள் ஏற்றவை.

நம் இல்லங்களுக்கு உதவும் நெறிகள்

இனி இம்மரபு நமக்கு எவ்வாறு பயன்படும் எனக் காண்போம். நம் புறநகர்களில் அடுக்கக வீடுகள் பெருகிவிட்டன. ஒரு கூடமும் ஓரிரு படுக்கையறைகளுமே பலருக்கு வாய்ப்பவை. அச்சிறிய கூடத்தில் பெரிய சோபாவும், கண்ணாடி மேசையும், சுவரை மறைக்கும் அலமாரியும் இட்டால், நான்கு விருந்தினர் வந்தாலும் நிற்க இடமின்றிப் போகின்றது. நிலையான பொருள்களைக் குறைத்து, விரித்து மடிக்கும் பொருள்களைக் கூட்டுவது இவ்வீடுகளுக்குப் பொருத்தமான அலங்காரம். பின்வரும் நெறிகளை மாணவ மாணவியர் கருத்தில் கொள்ளலாம்.

1. சுவர் எளிமையாக இருக்கட்டும். வண்ணம் துணியில் இருக்கட்டும். சுவரின் வண்ணத்தை மாற்றப் பெருஞ்செலவாகும். திரையையும் தலையணை உறையையும் மாற்றினால் குறைந்த செலவில் கூடம் புதுமை பெறும். ஓர் அறையில் முதன்மை வண்ணம் ஒன்று, துணை வண்ணம் ஒன்று என்ற அளவில் நின்றால் கண்ணுக்கு இதமாகும். சமுக்காளத்தின் பட்டைகள் அழுத்தமான வண்ணமுடையவை. ஆதலின் அதனை விரிக்கும் கூடத்தில் திரை வெற்று நிறத்தில் இருப்பதே நன்று.

2. வெயிலை அறிந்து திரையிடுக. மேற்கு நோக்கிய சன்னல் பிற்பகலில் அனலைக் கக்கும். அங்கு வெளிர்நிறத் தடித்த பருத்தித் திரையோ மூங்கில் தட்டியோ பொருந்தும். கோடையில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளிப்பது சென்னையின் பழைய வழக்கம். காற்று குளிர்ந்து வருவதோடு மணமும் பரவும். காற்று வரும் சன்னலுக்கு மெல்லிய திரை போதும். செயற்கை இழைத் திரை பளபளக்கும்; ஆயின் நம் புழுக்கத்துக்குப் பருத்தியே இசைந்தது.

3. தரையின் இயல்பை மறவாதீர். இன்றைய பளிங்குத் தரையும் ஓட்டுத் தரையும் வழவழப்பானவை. பாய் வழுக்காமல் இருக்கக் கீழே தடித்த பருத்தித் துணி ஒன்றை இடலாம். கோரை ஈரத்தை உறிஞ்சிக் காற்றை விடும். நெகிழிப் பாயோ வியர்வையை உடலிலேயே நிறுத்தும். கோடை இரவில் இரண்டிலும் படுத்துப் பார்த்தவர் வேறுபாட்டைத் தாமே உணர்வர்.

4. எஞ்சிய துணியை வீணாக்காதீர். ஆடை தைப்பதில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் நம் பகுதியில் எளிதில் கிடைப்பவை. ஒத்த தடிமனுள்ள துண்டுகளைத் தேர்ந்து, ஒரே அளவாக வெட்டி, ஒட்டுத் தையலால் இணைத்தால் மெத்தை விரிப்பும் இருக்கை உறையும் உருவாகும். நாடாக்களாகக் கிழித்துப் பின்னினால் கால்மிதியாகும். சாயம் போகும் துண்டுகளை முன்பே உப்பு நீரில் நனைத்துச் சோதித்து விலக்குவது முறை.

5. பேணுதல் அறிக. ஐப்பசி கார்த்திகை மழையில் கோரைப்பாய் பூசணம் பிடிக்கும். ஈரம் பட்டால் உடனே துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயில் கீற்றை நொறுங்கச் செய்யும். தடித்த பாயைச் சுருட்டி நிறுத்த வேண்டும், மடிக்கலாகாது. சமுக்காளத்தை முதன்முறை தனியே நனைத்து வெளுப்பது நன்று.

கைத்தொழில் வாழும் வழி

இவ்விடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பத்தமடை நுண்பாயை இன்று பலர் வாங்குவது விரிப்பதற்காக அன்று. கண்ணாடிச் சட்டத்தில் இட்டுச் சுவரில் மாட்டவும், பெரியோர்க்கு நினைவுப் பரிசாக வழங்கவுமே. அது பெருமைக்குரியதே. ஆயினும் பரிசுப் பொருளை ஒரு குடும்பம் வாழ்நாளில் ஓரிரு முறையே வாங்கும். நாள்தோறும் விரிக்கும் பாய் தேயும். தேய்ந்தால் மீண்டும் வாங்க வேண்டும். அந்த மீள் விற்பனையே தறியை ஓய்வின்றி இயக்குகின்றது. எளிய பாயை நெய்து கை பழகியவரே நுண்பாய்க்கு உயர்கின்றனர். எளிய பாய்க்கு இருந்த இடத்தை நெகிழிப் பாய் பிடித்துக்கொண்டால், நுண்பாய்க்கு ஏறும் படி உடைந்துவிடும். அருங்காட்சியகத்தில் மதிக்கப்படும் கைவினை, அடுப்படிக்கும் கூடத்துக்கும் வராவிடில் அடுத்த தலைமுறையைக் காணாது.

விலை மிகுதி என்பர். கோரையை அறுத்து, ஊறவைத்து, கீறி, சாயமிட்டு, கோத்து முடிக்கும் நாள்களை எண்ணி, அதே நாள்களுக்கு ஓர் ஆலைத் தொழிலாளி பெறும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கேட்கப்படும் விலை மிகுதியா குறைவா என்பது விளங்கும். நெய்பவரின் மகள் தறியில் அமர மறுத்தால், அதனை அவள்மேல் குற்றமாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவள் உழைப்புக்கு நாம் தர ஒப்பும் விலையே அவள் முடிவை முன்கூட்டி எழுதிவிடுகின்றது. தையற் கூலி குறையும்போது ஒரு வீட்டில் என்ன நேரும் என்பதை அறிந்த நம் பகுதி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வாங்கும்போது மூன்று வினாக்கள் கேட்கப் பழகுவோம்: இது எவ்வூரில் நெய்யப்பட்டது? கைத்தறியா, விசைத்தறியா? கைத்தறி முத்திரையோ புவிசார் குறியீட்டுச் சான்றோ உண்டா? விற்பவர் விடை தெரியாது விழிப்பினும், இவ்வாறு கேட்போர் பெருகினால் கடைக்காரர் விடை தேடத் தொடங்குவார். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களும் அரசின் பூம்புகார் கைவினை அங்காடிகளும் இத்தகைய பொருள்களைத் தேட ஏற்ற இடங்கள்.

முடிவுரை

எழினியும் விதானமும் பெயரிட்டு வழங்கிய மொழி நம்முடையது. ஐரோப்பிய வீடுகளுக்கு வண்ணம் அளித்த கரை நம்முடையது. வறட்சியிலும் போட்டியிலும் புது வழி கண்ட நெசவாளர் நம்மவர். இவையெல்லாம் பழம்பெருமையாக மட்டும் நின்றுவிடாமல் இருக்க வேண்டுமானால், அவை நம் கூடத்துத் தரையில் இடம் பெற வேண்டும். இல்லம் அமைக்கப்போகும் மாணவ மாணவியர், தம் முதல் வீட்டுக்கு வாங்கும் பொருள்களின் பட்டியலில் ஒரு கோரைப்பாயையும் ஒரு கைத்தறிச் சமுக்காளத்தையும் சேர்த்துக்கொள்வாராக. திருமணங்களுக்குப் பரிசு தேரும் பெரியோர்கள், சுவரில் மாட்டும் பொருளினும் விரிக்கும் பொருளைத் தேர்வாராக. விருந்தினர் வரும்போது அவற்றை விரித்து, அவர்கள் அமர்ந்து எழுந்தபின் மடித்து வைப்போம். அவை தேயட்டும், தேய்ந்தபின் மீண்டும் வாங்குவோம். பத்தமடையிலும் பவானியிலும் தறிகள் ஓயாதிருக்க நம்மால் இயன்ற எளிய உதவி இதுவே.